மலையகத்திலிருந்து இசை ஆசிரியர் மாநாட்டுக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மாநாடு, ஆய்வரங்கு, இரண்டு நாள் செயலமர்வு என்று பெயர் எதுவானாலும் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் மண்டபத்துக்குள் நுழையும் முன்பே தடுமாறிவிடுகிறார்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டு லீவு கேட்பது, தலைப்பைக் கொடுத்துவிட்டு விஷயம் தேடுவது, இப்படி. அதனால் எதை எதற்கு முன்னால் செய்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம்.

1. முதலில் ஒரு கேள்வியை எழுதுங்கள்

அழைப்பிதழைத் திறக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். உங்கள் வகுப்பில் இந்தத் தவணை உங்களை அலைக்கழித்த ஒரு சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

எங்கள் வகுப்புகளில் கேள்விக்கா பஞ்சம்? தரம் 6 முதல் 11 வரை ஒரே ஆசிரியர். சுருதிப்பெட்டி கிடையாது, இருந்தாலும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுச் சத்தத்தில் கேட்காது. தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்தில் (தாழ்ந்த ரி) நிற்காமல் பிள்ளைகள் சதுஸ்ருதி ரிஷபத்துக்கு (அதைவிட உயர்ந்த ரி) ஏறிவிடுவார்கள். தொடக்க ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை முதல் காலத்தில் அழகாகப் பாடுகிறவர்களே இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், தாளம் போடும் கையை நிறுத்திவிடுவார்கள்.

இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். "மாணவரிடம் இசை ஆர்வத்தை வளர்ப்பது எப்படி" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். "இரண்டாம் காலத்துக்கு மாறும்போது கை நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே தொடையில் தாளம் போட்டுக் காட்டுவார்.

எந்த மாநாட்டுக்குப் போவது, எந்த அமர்வில் உட்காருவது, தேநீர் இடைவேளையில் யாரைத் தேடுவது எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியம்தான் முடிவு செய்யப் போகிறது. அது இல்லாமல் போனவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் நேரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

2. எந்த மாநாடு என்று தெரிவு செய்யுங்கள்

பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வரங்குகள் ஒரு வகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலை வளாகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், கொழும்பில் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவித்தல்களைக் கவனித்து வாருங்கள். இங்கே கட்டுரை படிப்பதுதான் முதன்மை. வகுப்பறையைப் பற்றிப் பேசும் அமர்வு ஒன்றிரண்டாவது இருக்கிறதா என்று நிகழ்ச்சி நிரலில் பாருங்கள்.

கல்வித் திணைக்களமோ மகரகம தேசிய கல்வி நிறுவகமோ நடத்தும் செயலமர்வுகள் இன்னொரு வகை. பாடத்திட்டம், மதிப்பீடு பற்றிய கேள்விகளுக்கு இவைதான் சரியான இடம். இவற்றுக்கு அழைப்பு கல்வி வலயத்தின் ஊடாக வரும். அதனால் உங்கள் வலயத்தின் அழகியல் பாட ஆசிரிய ஆலோசகரிடம் உங்கள் பெயரும் போன் இலக்கமும் இருப்பது முக்கியம். கடிதம் பாடசாலைக்கு வந்து சேரும்போது திகதி முடிந்திருப்பது நமக்குப் புதிதல்லவே.

மூன்றாவது வெளிநாடு. சென்னை மியூசிக் அகாடமியில் மார்கழி சீசன் காலை வேளைகளில் நடக்கும் விளக்க அமர்வுகள் ராகம், பாடாந்தரம் (குரு வழியில் வந்த பாடும் முறை) பற்றிய அறிவுக்கு அருமையானவை. ஆனால் 35 பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடவைக்கும் சிக்கலுக்கு அங்கே விடை தேட வேண்டாம். 1953இல் தொடங்கிய சர்வதேச இசைக் கல்விச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. அது வகுப்பறை பற்றியதுதான், ஆனால் செலவும் ஆங்கிலமும் கனமானவை. என் அபிப்பிராயம், முதல் இரண்டு மாநாடுகளை நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிவு செய்யும்போதே திகதியையும் பாருங்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வாரத்திலோ, சாதாரண தர அழகியல் செயன்முறைப் பரீட்சைக் கடமை வரும் நாட்களிலோ விழுந்தால் அதிபர் விட மாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது.

3. லீவுக் கடிதம் முதலில், கட்டணம் பிறகு

அதிகம் பேர் தலைகீழாகச் செய்யும் இடம் இதுதான். பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அனுமதி கிடைக்காவிட்டால் காசும் போகும், மனதும் கசக்கும்.

ஆகவே இப்படிப் போங்கள். ஏற்பாட்டாளரிடம் உங்கள் பெயருக்கு ஓர் அழைப்புக் கடிதம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரப் படத்தை வைத்து எந்த அலுவலகமும் கடமை லீவு தராது. கடிதத் தலைப்பு, திகதி, இடம், கையொப்பம் நான்கும் வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பிறகு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு "அதிபர் ஊடாக" என்று போட்டு விண்ணப்பியுங்கள். நேரே வலயத்துக்கு அனுப்பினால் அது திரும்பி வரும், அதிபருக்கும் முகம் மாறும். விண்ணப்பத்துடன் அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நிரல், அந்த நாட்களில் உங்கள் பாடவேளைகளை யார் பார்ப்பார் என்ற சிறு அட்டவணை மூன்றையும் இணையுங்கள். இந்த மூன்றாவது தாள்தான் காரியத்தைச் சாதிக்கும். அதிபரின் முதல் கவலை வெற்று வகுப்பு. அவர் கேட்கும் முன்பே பதிலைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு சுமுகமாகும்.

சக ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, அவர் சம்மதித்த பிறகே அவர் பெயரை எழுதுங்கள். "மிஸ், என்னைக் கேட்காமலே போட்டுட்டீங்களே" என்ற ஒரு வார்த்தை ஆசிரியர் அறையில் ஒரு தவணை முழுக்க ஓடும்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். கடிதம் பல மேசைகளைக் கடக்கும் என்பதால் மாதக் கணக்கில் முன்னதாகத் தொடங்குங்கள். அனுமதி கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம்.

எல்லாக் கடிதத்திலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கொடுத்த திகதியை அதன் மூலையில் எழுதிவிடுங்கள்.

4. கட்டுரை படிப்பதென்றால் சுருக்கத்தை இப்படி எழுதுங்கள்

முதல் தடவை கேட்கிறவராகப் போவதே போதும். ஆனாலும் கட்டுரை படிக்கிறவருக்கு அனுமதி எளிதில் கிடைக்கும். மற்றவர்களும் தாங்களாகவே வந்து பேசுவார்கள்.

"மலையகத்தில் கர்நாடக சங்கீதக் கல்வி: ஒரு பார்வை" போன்ற தலைப்பைத் தவிருங்கள். அதை எழுத ஒரு ஆயுள் வேண்டும். மேலே எழுதிய கேள்வியையே தலைப்பாக்குங்கள். "தரம் 6 மாணவர் சரளி வரிசையை இரண்டாம் காலத்தில் பாடும்போது ஏற்படும் தாளப் பிசகு: தப்பு மேளத்தின் அடியைத் துணையாகக் கொண்ட ஒரு வகுப்பறை முயற்சி." யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தோம் என்பது தலைப்பிலேயே வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தப்பின் அடி சிறு வயது முதல் காதில் ஊறியது, திருவிழாவிலும் காமன் கூத்திலும் கேட்டு வளர்ந்தது. அதன் மேல் ஆதி தாளத்தை ஏற்றிப் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால், வேறு எந்த மாவட்டத்து ஆசிரியரும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கை. தப்பு, தாலாட்டு, ஒப்பாரி, கூத்துப் பாட்டு எதை எடுத்தாலும் அதை உங்களுக்குச் சொல்லித் தந்தவரிடம் கேட்டுவிட்டு, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள். பிள்ளைகளின் காணொளியைக் காட்டுவதென்றால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மாநாட்டில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

சுருக்கத்துக்கு வழக்கமாக 250 அல்லது 300 சொற்கள்தான் தருவார்கள். சிக்கலுக்கு இரண்டு வாக்கியம், செய்ததற்குப் பாதி, கண்டதற்கு மீதி. "இசை மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்தது" என்று தொடங்கினால் அங்கேயே முப்பது சொல் வீணாகிவிடும்.

அப்புறம் எழுத்துரு. நம்மில் பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றிய பிறகு ஒரு தடவை முழுதாக வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். ஸ்வரக் குறிப்பைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயி) மேலே வைக்கும் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளி மாதிரியே தெரியும், மந்திர ஸ்தாயிப் (கீழ் ஸ்தாயி) புள்ளி காணாமல் போகும். கையால் சுத்தமாக எழுதிப் படமெடுத்து ஒட்டிவிடுங்கள்.

5. எந்த வாத்தியத்தைக் கொண்டுபோவது

முடிந்தவரை எதையும் கொண்டுபோகாதீர்கள். மண்டபத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டு, இல்லாததை மட்டும் யோசியுங்கள்.

காரணம் காலநிலை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அந்தக் குளிரிலிருந்து யாழ்ப்பாண வெயிலுக்கோ மட்டக்களப்புக் கடற்காற்றுக்கோ ஒரே நாளில் இறங்கினால் மரமும் தோலும் சும்மா இருக்காது. மூடுபனியில் தளர்ந்திருந்த மிருதங்கத் தோல் வெயிலில் காய்ந்து இறுகி, வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சுருதி ஏறிவிடும். சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் மறக்காமல் பையில் வையுங்கள். போன உடனே உறையைக் கழற்றி, அறையின் சூட்டுக்கு வாத்தியத்தைப் பழகவிடுங்கள். பிறகு விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டி இறக்குங்கள். பழகும் முன்பே சுருதி சேர்த்தால் அரை மணியில் மறுபடி ஏறும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ஒட்ட ரவை ஒரு பிடி சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். காலை எட்டு மணிக்குப் புது ஊரில் ரவை தேடி அலைவது நல்ல அனுபவம் அல்ல.

வீணையைப் பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தை, வேண்டாம். அதன் 24 மெட்டுகளும் (தந்தியின் கீழ் இருக்கும் உலோகக் குறுக்குக் கம்பிகள்) மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மதிய வெயிலில் பஸ்ஸின் பின்சீட்டில் மெழுகு இளகினால் மெட்டு அமிழும், காந்தாரம் காந்தாரமாக இருக்காது. அதை அங்கே சரிசெய்ய ஆள் கிடைக்காது.

தம்புராவுக்குக் கைபேசிச் செயலி போதும். ஆனால் போனை விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். பாட்டின் நடுவே வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் சுருதி நின்றுவிடும்.

6. பயணமும் தங்குமிடமும்

ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு என்றால் கோச்சியும் நிற்கும், பாதையும் மூடும். கிளம்பும் முதல் நாள் மாலை ரயில் ஓடுகிறதா என்று நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் என்றால் கொழும்பு வரை இறங்கத் தேவையில்லை. மலையகப் பாதையில் வந்து பொல்காவலையில் இறங்கினால் வடக்குப் பாதை அங்கேதான் பிரிகிறது. ஆனால் நடுவழியில் ஏறுகிறவருக்கு இருக்கை முன்பதிவு இல்லாவிட்டால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அரச ஊழியருக்கான இலவச ரயில் வாரண்ட் மிச்சம் இருந்தால் இதற்குப் பயன்படுத்துங்கள்.

மட்டக்களப்புக்குப் பதுளைப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 பாதைதான் நேர்வழி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடிதத்தில் "கிழக்குப் பல்கலைக்கழகம்" என்று பார்த்துவிட்டுச் செங்கலடியில் இறங்கி வந்தாறுமூலை வளாகத்துக்குப் போய்விடுகிறார்கள். விபுலாநந்த நிறுவகம் இருப்பது மட்டக்களப்பு நகரைத் தாண்டிக் கல்லடியில். யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். பிரதான வளாகம் திருநெல்வேலியில், இராமநாதன் வளாகம் மருதனார்மடத்தில். இடத்தின் பெயரைக் கடிதத்திலிருந்து எழுதி எடுத்துக்கொண்டு, அதையே நடத்துனரிடம் சொல்லுங்கள்.

தங்குவதற்குப் பல்கலைக்கழக விடுதி கிடைக்குமா என்று பதிவின்போதே கேளுங்கள். தனியாக வரும் ஆசிரியைகள் இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டுவார்கள் என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. இரவு பஸ்ஸில் வந்து காலையில் நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள், முக்கியமாகப் பாடிக் காட்ட வேண்டியவர்கள். குளிரூட்டிய பஸ்ஸில் இரவு முழுக்க உட்கார்ந்த தொண்டையில் மேல் ஸட்ஜம் எழும்பாது.

7. மண்டபத்தில்

முதல் வேலை, நிகழ்ச்சி நிரலில் உங்கள் கேள்விக்கு நெருங்கிய அமர்வுகளுக்கு அடிக்கோடு போடுவது. இரண்டு அமர்வு ஒரே நேரத்தில் வந்தால் பிரபலமான பெயரை விட்டுவிட்டு வகுப்பறை விஷயத்துக்குப் போங்கள். பிரபலமானவரின் பேச்சு பிறகு எங்காவது காணொளியாகக் கிடைக்கும்.

முன்பக்கமாக உட்காருங்கள். செய்முறை காட்டும்போது கையின் அசைவு தெரிய வேண்டும்.

வளவாளர் (அமர்வை நடத்துபவர்) ஒரு பாட்டைச் சொல்லித் தரும்போது அவர் எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ஆண் குரல் பெரும்பாலும் 1 கட்டைச் சுருதியை (C) சுற்றி இருக்கும், பெண் குரல் 5 கட்டையை (G) சுற்றி. அவர் சுருதியிலேயே மனப்பாடம் செய்து வந்து பிள்ளைகளுக்குப் படிப்பித்தால் அவர்களுக்குக் கீழே எட்டாது, இல்லையென்றால் மேலே எட்டாது. அன்று இரவே உங்கள் சுருதிக்கு மாற்றி ஒருமுறை பாடிப் பாருங்கள்.

ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் தொடங்கும் முன் அனுமதி கேளுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்து மாட்டிக்கொண்டால், மலையகத்திலிருந்து அடுத்து வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

கேள்வி நேரத்தில் எழுந்து நிற்கத் தயங்க வேண்டாம். கேள்வியை மூன்று வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். "வணக்கம் சேர், நான் மஸ்கெலியாவிலிருந்து வருகிறேன். தரம் 6 பிள்ளைகளுக்கு இரண்டாம் காலத்தில் கை நின்றுவிடுகிறது, தப்பு அடித்துப் பார்த்ததில் கை நிற்பது குறைந்தது, ஆனால் தப்பை எடுத்துவிட்டால் மறுபடி நிற்கிறது. துணை வாத்தியத்தைப் படிப்படியாக விலக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?" இவ்வளவுதான். ஊர், செய்து பார்த்தது, கேட்பது. "எங்களுக்கு வசதியே இல்லை" என்று தொடங்காதீர்கள். அதற்கு அனுதாபம் கிடைக்கும், பதில் கிடைக்காது.

உண்மையான பேச்சு தேநீர் நேரத்தில்தான் நடக்கும். கூட வந்தவர்களோடு ஒரு மூலையில் கூடி நிற்பது நம்மவர்களின் பழக்கம். அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் பிரிந்து நில்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேரிடம் பேசினால் போதும். அவர்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், என்ன வாத்தியம் இருக்கிறது என்று கேட்டாலே பேச்சு ஓடும்.

8. உங்கள் அளிக்கை

15 நிமிடம் என்றால் 12 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். முந்தையவர் நேரம் எடுத்துவிடுவார், தலைவர் உங்களிடம்தான் "கொஞ்சம் சுருக்கி" என்பார். வீட்டில் மணிக்கூட்டை வைத்துச் சத்தமாகப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் வாசித்தால் நேரம் குறைவாகவே தெரியும்.

ஒலித்துண்டு ஒன்று போதும், அரை நிமிடத்துக்குள். அதைப் பென் டிரைவிலும் போனிலும் தனித்தனியாக வைத்திருங்கள். காணொளியைச் ஸ்லைடுக்குள் ஒட்டினால் வேறு கணினியில் ஓடாமல் போகலாம், தனிக் கோப்பாகப் பக்கத்தில் வையுங்கள். அமர்வுக்கு முந்தைய இடைவேளையில் மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆகவும் மாற்றி எடுத்துச் செல்லுங்கள், எழுத்துரு கலையாது.

பாடிக் காட்ட வேண்டிய இடத்தில் விளக்காமல் பாடிவிடுங்கள். பிள்ளைகள் எங்கே பிசகினார்கள் என்பதை அப்படியே பிசகாகப் பாடிக் காட்டினால் சபை உடனே புரிந்துகொள்ளும்.

9. திரும்பி வந்த முதல் வாரம்

சான்றிதழை அன்றே போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை அதிபரிடம் உங்கள் தனிப்பட்ட கோவைக்குக் கொடுங்கள். பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மண்டபத்திலேயே பார்த்திருக்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள். கேட்டது என்ன, வகுப்பில் செய்யப் போவது என்ன. அதிபர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். அடுத்த முறை லீவு கேட்கும்போது அந்தத் தாள் பேசும்.

கற்றதில் ஒன்றை மட்டும், அந்த வாரமே, ஒரே வகுப்பில் செய்து பாருங்கள். பத்து யோசனையோடு வந்து எல்லா வகுப்பிலும் ஒன்றாக மாற்றத் தொடங்கினால் எது பலன் தந்தது என்று தெரியாது. பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் எல்லாமே பழையபடி ஆகிவிடும்.

அந்த முயற்சியின் முடிவை, சரிவராவிட்டாலும், உங்களுக்குப் பதில் சொன்னவருக்கு ஒரு குரல் பதிவாக அனுப்புங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்ற செய்தியை அவர் மறந்துவிடுவார். பிள்ளைகள் பாடிய இருபது விநாடியைக் கேட்டால் திருப்பிக் கூப்பிடுவார். வலயத்தில் இருக்கும் மற்ற இசை ஆசிரியர்களுக்கும் அதையே அனுப்புங்கள். அவர்களில் ஒருவர் உங்களோடு வரச் சம்மதித்தால் அடுத்த ஆண்டு அறைக் கட்டணம் பாதியாகும், பஸ் தரிப்பிடத்தில் மிருதங்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கும்.